வெளியூர் ஆட்டக்காரருக்கு ஒரு கைத்தட்டல்

வழக்கமாக இந்தப் பத்தியில் ஸ்கோர் இருக்கும், கோட்டைவிட்ட கேட்ச் இருக்கும், தேர்வாளர்கள் மீது கொஞ்சம் கோபமும் இருக்கும். இந்த வாரம் ஆட்டம் மேடையில். ஒரு பியானோ, ஒரு மைக், டபுள் பாஸும் டிரம்ஸும் வாசிக்க இருவர், நடுவில் தானே வாசித்துத் தானே பாடும் ஒருவர். ஜாஸ் உலகில் இந்த இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்கிறவர்கள் தனி ரகம். எப்போதாவது அப்படி ஒருவர் சென்னைக்கும் வருகிறார். ஏதாவது ஒரு நாட்டின் கலாசார மையம் அழைத்திருக்கும்; பல சமயம் அனுமதி இலவசம். நாளிதழில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இரண்டு வரி வரும். நாமும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அடுத்த முறை புரட்டாமல் கிளம்புங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தின் நுட்பம் பிடிபட வேண்டுமானால் ஷெர்லி ஹார்னைக் கேட்க வேண்டும். 1934-ல் வாஷிங்டனில் பிறந்தவர். ஜூலியார்டு இசைக்கல்லூரியில் படிக்க வாய்ப்பு வந்தும் பணம் இல்லாததால் போக முடியவில்லை. 1960-ல் வெளியான ‘எம்பர்ஸ் அண்ட் ஆஷஸ்’ என்ற அவருடைய முதல் இசைத்தட்டு எப்படியோ ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் காதில் விழுந்தது. மைல்ஸ் சுலபத்தில் யாரையும் மெச்சுகிற ஆள் கிடையாது. அவரே கூப்பிட்டு, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் தன் கச்சேரிக்கு முன்னால் ஷெர்லியைப் பாட வைத்தார்.

ஷெர்லியின் பலம் நிதானம். மற்றவர்கள் மூன்று நிமிடத்தில் முடித்துவிடும் காதல் பாட்டை அவர் ஆறு, ஏழு நிமிடம் வரை கொண்டுபோவார். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். அடுத்த சொல் வர வேண்டிய இடம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். கேட்கிற நமக்கு லேசாகப் பதற்றம் வரும். அப்போது இடது கை மெதுவாக ஒரு கார்டை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டை, வைக்கும். நாம் எதிர்பார்த்ததிலிருந்து அரைச் சுரம் விலகிய கார்டாக அது இருக்கும். அதற்குப் பிறகுதான் சொல் வரும், முன்பு இல்லாத ஒரு அர்த்தத்தோடு. சௌக்க காலத்தில் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று கச்சேரி கேட்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். வேகத்தில் மறைந்துவிடும் பிசகெல்லாம் நிதானத்தில் அப்பட்டமாகத் தெரியும். பின்னால் இருப்பவர்களுக்கும் இது சோதனைதான். அந்த வேகத்தில் தாளத்தைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொள்ள பாஸ் வாசித்த சார்லஸ் ஏபிள்ஸும் டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் வில்லியம்ஸும் அவரோடு பல ஆண்டுகள் கூடவே இருந்தார்கள். ஆள் மாற்றி ஆள் போட்டு ஆடக்கூடிய ஆட்டம் இல்லை இது.

பாடகருக்கு வேறொருவர் பியானோ வாசித்தால், பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே நீட்டுவார் என்று வாசிப்பவர் ஊகித்துக்கொண்டே போக வேண்டும். இருவரும் ஒருவரே என்றால் அந்த ஊகம் தேவையில்லை. குரல் தயங்கும் இடத்தில் விரலும் தயங்கும். 1963-ல் மெர்குரி இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் ஷெர்லியை ஒலிப்பதிவு செய்தபோது பியானோவை வேறு கலைஞர்களிடம் கொடுத்துவிட்டு அவரைப் பாட மட்டும் சொன்னார்கள். இசைத்தட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஷெர்லி பாதிதான் இருக்கிறார். கடைசிக் காலத்தில் நீரிழிவால் ஒரு பாதத்தை இழந்து, பெடலை மிதிக்க முடியாமல் போனபோது, 2003-ல் வந்த இசைத்தட்டில் பியானோவை மறுபடியும் மற்றவர்கள் வாசித்தார்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, நடுவில் அவரே வாசித்துப் பாடிய பதிவுகளைக் கேட்டால் இந்தக் கலை என்னவென்று ஒரே மாலையில் விளங்கிவிடும்.

உள்ளூர் ரசிகர்கள் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். மகளை வளர்க்க வேண்டும் என்பதற்காக ஷெர்லி வெளியூர்ப் பயணங்களைக் குறைத்துக்கொண்டு வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். நியூயார்க் அவரை மறந்துபோன அந்த ஆண்டுகளில் உள்ளூர் கிளப்புகளில்தான் வாசித்தார். வேலை முடிந்து வந்து, ஒரு பானத்தை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டவர்கள் அவரை ஓய்ந்துபோக விடவில்லை. பிறகு 1981-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த நார்த் சீ ஜாஸ் விழாவுக்குப் போனார். அங்கே அவர் விருந்தாளி. கேட்க வந்தவர்களில் பலருக்கு அவர் புதிய பெயராகவே இருந்திருக்கும். அந்த மேடையில் பதிவானவை இசைத்தட்டுகளாக வந்தன. இப்போதும் கேட்கக் கிடைக்கின்றன. 1987-ல் வெர்வ் இசைத்தட்டு நிறுவனம் வந்தது, 1990-ல் பதிவான இசைத்தட்டு ஒன்றில் மைல்ஸே வந்து டிரம்பெட் வாசித்தார், 1999-ல் கிராமி கிடைத்தது. அறுபத்தைந்தை நெருங்கும்போது.

இதேபோல் தானே வாசித்துத் தானே பாடிய நினா சிமோனின் கதை கொஞ்சம் முரட்டுத்தனமானது. மேற்கத்திய செவ்வியல் பியானோ கலைஞராக ஆசைப்பட்டவர், 1954-ல் வயிற்றுப்பாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கப் போனார். பாடவும் செய்தால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் அந்தக் குரல். குடித்துவிட்டு யாராவது சத்தம் போட்டால் வாசிப்பதை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கும்வரை காத்திருப்பார். 1976-ல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ விழாவிலும், நடுப்பாட்டில் எழுந்த ஒரு ரசிகையை உட்காரச் சொல்லி மேடையிலிருந்தே அதட்டியது படமாகவே இருக்கிறது. நம் சபாக்களில் அவர் பாடியிருந்தால் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்குக் கிளம்புகிறவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்களோ.

பியானோக்காரருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வயலின்காரர் தன் வயலினோடு வருவார். பியானோவை யாரும் சுமந்துகொண்டு வருவதில்லை. போகிற ஊரில் என்ன இருக்கிறதோ அதில்தான் வாசிக்க வேண்டும். வெளியூர் அணிக்கு ஆடுகளம் மாதிரி. 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஓபரா அரங்கில் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுக்குக் கிடைத்தது தவறான, பழுதான பியானோ. மேல் சுரங்கள் கரகரவென்றன, கீழ்ச் சுரங்களில் கனமே இல்லை. முதுகுவலி வேறு. வாசிக்க முடியாது என்றவரைச் சமாதானப்படுத்தியது, நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த, இருபது வயதுகூட ஆகாத வேரா பிராண்டஸ். இரவு பதினொன்றரை மணிக்கு, ஓபரா முடிந்த பிறகு, ஆயிரத்து நானூறு பேருக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜாரெட் நடுச் சுரங்களிலேயே சுற்றி, இடது கையால் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பியானோவின் பலவீனத்தை மறைத்தார். அந்தப் பதிவு, தனிப் பியானோ இசைத்தட்டுகளில் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று. அவர் பாடகர் இல்லை (வாசிக்கும்போது முனகுவார், அவ்வளவுதான்). ஆனால் அந்த நேரத்தில் பாதி அரங்கம் காலியாக இருந்திருந்தால் வேரா எதைச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்திருப்பார்?

சென்னைக்கு இதெல்லாம் அந்நியம் என்று சொல்லாதீர்கள். ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புருபெக் 1958-ல் இந்த ஊரில் வாசித்தார். இன்னொரு ஜாஸ் பியானோ மேதை டியூக் எலிங்டன் 1963-ல் தன் முழுக் குழுவோடு வந்தார். வெளியூர்க்காரரை மதிக்கத் தெரியாத ஊரும் இல்லை இது. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானுடன் டெஸ்ட். டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. அரங்கம் சற்று நேரம் உறைந்துவிட்டு, பிறகு எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். தோற்கடித்தவர்களுக்கே அப்படி. பாட வருகிறவருக்கு ஒரு மாலை தர மாட்டோமா?

மொழி புரியாது என்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தெலுங்குக் கீர்த்தனைக்குக் கண்ணீர் விட்ட ஊர், ஆங்கிலக் காதல் பாட்டுக்கு அர்த்தம் கேட்டு நிற்பது நியாயமா?

இலக்கணம் தெரியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய பாட்டுகளில் பெரும்பாலானவை 32 பார் (தாள அளவு) கொண்ட ஒரு சுற்று. முதல் சுற்றில் பாட்டை உள்ளபடி பாடுவார்கள். அடுத்த சுற்றுகளில் அதே கார்டு வரிசையின் மேல் பியானோ தன் கற்பனையை விரிக்கும், பிறகு பாஸ், சில சமயம் டிரம்ஸ். கடைசியில் பாட்டு திரும்பி வரும். முதல் சுற்றை மனதுக்குள் முனகிக்கொண்டே இருங்கள். கலைஞர் எங்கே விலகுகிறார், எங்கே திரும்புகிறார் என்பது தானாகத் தெரியும். ஒவ்வொருவர் முறை முடிந்ததும் கைதட்டலாம், பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பாஸ் வாசிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசாதீர்கள். அரங்கிலேயே மிக மெல்லிய சத்தம் அதுதான்.

இதில் கணக்கு வழக்கும் இருக்கிறது. அழைத்து வருகிற அமைப்புக்கு யாரோ ஒருவர் பணம் ஒதுக்க வேண்டும். நிறைந்த அரங்கின் புகைப்படம் ஒன்று இருந்தால் அடுத்த ஆண்டும் கேட்க அவர்களுக்கு வாய் இருக்கும். அது இல்லாவிட்டால் பயண அட்டவணையில் மும்பை, டெல்லி, பெங்களூரு இருக்கும், நாம் இருக்க மாட்டோம். நல்ல கிராண்ட் பியானோ உள்ள அரங்குகளே இங்கே குறைவு. வாடகைக்கு எடுத்து, சுருதி சேர்க்க ஆள் பிடித்து, செலவு செய்து வைத்தால் யாராவது கேட்க வேண்டாமா? டிக்கெட் என்றால் வாங்குங்கள். இலவசம் என்றால் பாதியில் எழுந்து போகாதீர்கள். இலவச நிகழ்ச்சிகளில்தான் இந்த வியாதி அதிகம்.

எங்கே உட்காருவது என்று கேட்பவர்களுக்கு: பியானோவின் மூடி ரசிகர்கள் பக்கம் திறக்கும் என்பதால், மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் வாசிப்பவர் நமக்கு இடப்பக்கம் இருப்பார். வலப்பக்க இருக்கையிலிருந்து பாடுகிறவர் முகம் தெரியும், இடப்பக்கத்திலிருந்து விரல்கள் தெரியும். எனக்கு விரல்கள்தான். சொற்களுக்கு நடுவே அந்த இடது கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த இருக்கைகளுக்குப் போட்டி அதிகம், அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.