கூத்தாடியின் கால் கேட்கும் தரை

கள்ளக்குறிச்சி மாவட்டக் கிராமங்களில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கிய மண்தரைதான் ஆடுகளம். சலங்கை கட்டிய வெறுங்கால் அதில் சுழலும்போது, விரல்கள் மண்ணைக் கவ்வுகின்றன. குதிகாலோ தடையின்றித் திரும்புகிறது. பிடிப்பும் வழுக்கலும் இவ்வளவு சரியாகக் கலந்த தரை வேறு இல்லை!

சிமெண்ட் மேடையில் இந்தச் சமநிலை போய்விடும். குதித்து இறங்கும் அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்குப் போகும். மேலே விரித்த ஜமுக்காளம் மடிந்து காலைத் தட்டிவிடும். வியர்வை சொட்டிய டைல்ஸ் இன்னும் மோசம்.

காலணி மாட்டுவதும் இதற்குத் தீர்வல்ல. ரப்பர் அடியுள்ள ஓட்டக் காலணியோடு சுழன்று ஆடினால், பாதம் ஒட்டி நிற்க, உடல் மட்டும் திரும்பி முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

கல்வராயன் மலை அடிவாரத்திலும் இப்போது கோயில் முற்றங்கள் சிமெண்ட் ஆகின்றன. திருவிழா நடத்துவோரே, கூத்துக்கென்று கொஞ்சம் மண்தரையை விட்டு வையுங்கள்.