எழும்பூரில் சென்னை எங்கே?

ஒரு நகரத்தை அறிய வேண்டுமானால் முதலில் அதன் அருங்காட்சியகத்துக்குப் போ என்பார்கள். இதை நம்பி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் அமராவதிச் சிற்பங்களைப் பார்க்கலாம், ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைப் பார்க்கலாம், திருவாலங்காட்டு நடராசர் முன் நின்றுவிட்டால் நேரம் போவதே தெரியாது. சென்னைதான் எளிதில் கண்ணில் படாது.

1851-இல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கியபோதே அது ஊருக்கான காட்சியகம் அல்ல, ஒரு மாகாணத்தின் சேகரிப்பு. கிருஷ்ணைக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் தோண்டி எடுத்தவை தலைநகருக்கு வந்தன. அமராவதிக் கற்களில் ஒரு பகுதி இங்கும் நிற்காமல் லண்டனுக்குப் போனது. ஆகவே அங்கிருக்கும் பொருள்களைவிட, அவை வந்து சேர்ந்த வழிதான் இந்த நகரத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. 1885 முதல் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி வாரியாக மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தவர். ஆட்சி எதைத் தெரிந்துகொள்ள விரும்பியதோ அதுவே சேர்ந்தது. மக்கள் என்னவோ பால்ஃபர் வளர்த்த உயிருள்ள விலங்குகளைப் பார்க்கத்தான் கூடினார்கள். அவை பிரிந்து போய் உயிரியல் பூங்காவானதும் அது 'உயிர் காலேஜ்', இது 'செத்த காலேஜ்' என்று மெட்ராஸ்காரர்களே பெயர் வைத்து முடித்துவிட்டார்கள்.

அதற்காக அருங்காட்சியகம் வழியாக ஊரை அறியும் வழக்கத்தையே தள்ளிவிட முடியாது. 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு எழும்பூரில்தான் சேர்ந்தது. ஊரின் கதையை 1639-இல் தொடங்கி ஆண்டுதோறும் பிறந்தநாள் கொண்டாடும் நமக்கு, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பழைய கற்கால மனிதன் நடமாடினான் என்பதை ஒரு கல் காட்டிவிடுகிறது. மேடைப்பேச்சு எதற்கும் அந்த வலு கிடையாது.

1948-இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகம் நகரத்தைப் பேசத்தான் செய்கிறது, ஆனால் மதிலுக்கு உள்ளே நின்றுகொண்டு. ஆளுநர்களின் ஓவியங்கள், வாள்கள், சீருடைகள், காரன்வாலிஸின் பெரிய சிலை. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்ததே துணிக்காக. அதை நெய்யவென்று 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையில் குடியேற்றப்பட்டவர்களை அந்தக் கூடங்களில் தேடினால் ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். எல்லாம் வஞ்சனை என்று சொல்ல மாட்டேன். வெண்கலம் நிலைக்கும், பருத்தி மட்கும். ஆனால் பின்னி ஆலைத் தொழிலாளர்களும் கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களும் நேற்றைய கதை. அவற்றுக்கு இந்த இரண்டு இடத்திலும் தனிக்கூடம் இல்லாததற்கு மட்கிப்போவதைக் காரணம் காட்ட முடியாது.

நீல் சிலையை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய அந்தத் தளபதிக்கு மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது. 1927-இல் அதை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் நடந்தது, தொண்டர்கள் சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகே அது எழும்பூருக்குப் போனது. ஆட்சியாளர் கொண்டுவந்து சேர்த்ததல்ல, தெருவில் நின்றவர்கள் தள்ளி அனுப்பியது. சென்னைக்கென்று அங்கே என்றாவது ஒரு கூடம் திறந்தால் வாசலிலேயே நீலை நிறுத்தலாம், சிறை சென்றவர்களின் பெயர்களை அவர் காலடியில் எழுதி.