முதல் பட்டதாரி யார்? ஆவணம் தரும் விடையும் தராத விடையும்

எட்வர்ட் பூஷே 1874இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றார். 124 பேர் படித்த வகுப்பில் ஆறாம் இடம். 1876இல் அங்கேயே இயற்பியலில் முனைவரானார். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். இதிலெல்லாம் பிழையில்லை. இவற்றோடு ஒட்டிக்கொண்ட வேறு இரண்டு ‘முதல்’கள்தாம் சரிபார்ப்பில் நிற்கவில்லை.

பை பீட்டா கப்பா என்பது கல்வியில் சிறந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பழம்பெரும் சங்கம். அதில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் பூஷே என்றும், ஆண்டு 1874 என்றும் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அவருக்குத் தகுதி இருந்தது. ஆனால், அப்போது யேலில் அந்தச் சங்கத்தின் கிளையே இயங்கவில்லை. கிளை மீண்டும் இயங்கத் தொடங்கிய 1884இல்தான் அவரைச் சேர்த்தார்கள். அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1877இல், வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் ஹென்டர்சன் உறுப்பினராகியிருந்தார். பட்டம் பெற்ற ஆண்டையே சங்கத்தில் சேர்ந்த ஆண்டாக யாரோ எழுதிவைக்க, பின்னால் வந்தவர்கள் அதையே எடுத்தாண்டார்கள். உறுப்பினர் பதிவைப் பார்த்ததும் குழப்பம் தீர்ந்தது. அடிமையாகப் பிறந்த ஹென்டர்சனுக்குச் சேரவேண்டிய பெருமை அவரிடம் போய்ச் சேர்ந்தது. சரிபார்ப்பு செய்யக்கூடிய மிக நல்ல காரியம் இதுதான்.

அடுத்தது இவ்வளவு எளிதல்ல. யேல் கல்லூரியின் முதல் கறுப்பினப் பட்டதாரியும் பூஷேதான் என்று நம்பியிருந்தோம். ஏலத்துக்கு வந்த பழைய குடும்பத் தாள்களை ஆராய்ந்தபோது, 2014இல் வேறொரு பெயர் வெளிவந்தது: ரிச்சர்ட் ஹென்றி கிரீன், 1857ஆம் ஆண்டுப் பட்டதாரி. அவர் பட்டம் பெற்றதற்குக் கல்லூரிப் பதிவே சான்று. அவருடைய இனத்துக்கோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. அந்த ஏடுகளில் முன்னாளில் வெள்ளையர் அல்லாதவராகவும் பின்னாளில் வெள்ளையராகவும் அவர் பதிவாகியிருக்கிறார். கணக்கெடுப்பாளர் தம் கண்ணுக்குப் பட்டதை எழுதினார். அக்கம்பக்கத்தார் எப்படி நடத்தினார்கள், அவர் தம்மை யாராகக் கருதினார் என்பதற்கு அந்த ஏட்டில் இடமில்லை. இந்த முறையின் பெருங்குறை இது. ஆவணம் இருப்பதாலேயே உறுதி வந்துவிடுவதில்லை.

நாடு தழுவிய பட்டியலும் இப்படித்தான் மாறியது. 1826இல் ஆம்ஹர்ஸ்டில் எட்வர்ட் ஜோன்ஸ், சில நாட்கள் கழித்து போடினில் ஜான் ரஸ்வர்ம் என்ற கணக்கு, 1823இல் மிடில்பரியில் பட்டம் பெற்ற அலெக்சாண்டர் ட்வைலைட்டின் பெயர் தெரியவந்ததும் பின்தங்கியது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. யார் முந்தினார் என்று துருவும் உழைப்பில் பாதிகூட, பட்டம் பெற்ற பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குக் கிடைப்பதில்லை. ஒளியியலில் ஆய்வு செய்த பூஷேவுக்கு எந்த வெள்ளையர் பல்கலைக்கழகமும் பேராசிரியர் பதவி தரவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பின இளைஞர்களுக்கான பள்ளியில் 26 ஆண்டுகள் அறிவியல் கற்பித்தார். அந்தப் பள்ளி கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் கல்வியைக் கைவிட்டுத் தொழிற்பயிற்சிக்கு மாறியபோது, 1902இல் வெளியேறினார். கிரீனின் பெயர் கிடைத்ததால் இந்த வாழ்க்கையின் எடை சற்றும் குறையவில்லை.

‘முதல்’ என்று எழுதுவோர் ‘இதுவரை அறிந்தவரை’ என்று சேர்த்து எழுதட்டும். பட்டத்துக்கு எது சான்று, இனத்துக்கு எது சான்று என்பதைத் தனித்தனியாகச் சொல்லட்டும்.