துப்பறியும் கதையில் கூறுவோன்

முடிச்சு அவிழ்ந்தபின் துப்பறியும் கதையை மீண்டும் படிப்பார் இலர் என்பர் சிலர். இக்கூற்று ஆராய்தற்குரியது.

1841-இல் எட்கார் ஆலன் போ வெளியிட்ட 'மார்க் தெருக் கொலைகள்' இவ்வகையின் தோற்றுவாயாகக் கருதப்படுகிறது. அதில் துப்பறிபவன் டூப்பின். கதை கூறுபவனோ பெயர் சுட்டப்பெறாத அவன் நண்பன். இருவரும் கொலை நிகழ்ந்த வீட்டைக் காண்கின்றனர். ஒருவனே உண்மையை உணர்கின்றான். 1887-இல் கானன் டாயில் இந்நண்பனுக்கு வாட்சன் எனப் பெயரிட்டு நிலைபெறச் செய்தார். துப்பறிவோனின் எண்ணத்தை மறைத்து, தடயங்களை மட்டும் படிப்போர்முன் வைப்பதற்கு இவ்வமைப்பே இடந்தருகிறது.

இவ்வமைப்பின் மீது படிப்போர் கொண்ட நம்பிக்கையையே 1926-இல் அகதா கிறிஸ்டி சோதித்தார். 'ரோஜர் அக்ராய்டின் கொலை'யில் கதை கூறும் மருத்துவனே கொலைஞன். கொலை நிகழ்ந்த பொழுதைப் பற்றி அவன் பொய்யுரைப்பதில்லை. சிலவற்றைச் சொல்லாது விடுகின்றான், அவ்வளவே. முடிவறிந்து மீண்டும் படிக்குங்கால் அவன் சொற்கள் இருபொருள்படுகின்றன.

முதல் வாசிப்பில் கொலைஞனைத் தேடுகிறோம். மறு வாசிப்பில் நாம் ஏமாந்த இடத்தைத் தேடுகிறோம். பின்னதற்கும் இடந்தரும் கதையே காலத்தை வென்று நிற்கும். எனவே, துப்பறியும் கதையின் தரத்தை அளக்கும் கோல் முடிச்சன்று. கூறும் முறையே எனத் துணியலாம்.