தப்பாகப் பேச ஓர் இடம்

2012-இல் கௌரி ஷிண்டே இயக்கத்தில் வந்த ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ படத்தை முதல்முறை பார்த்தபோது அழுதேன். இரண்டாம்முறை எரிச்சல் வந்தது. போன மாதம் மூன்றாம்முறை ஒரு நோட்டோடு உட்கார்ந்து, ஆங்கிலம் படிக்க சசி என்னவெல்லாம் செலவழிக்கிறாள் என்று குறித்துக்கொண்டே பார்த்தேன். லட்டு விற்றுச் சேர்த்த பணம். வீட்டில் கேட்க ஆளில்லாத பகல்நேரம். தெரியாத ஊரில் தனியாகப் போய்வரும் துணிச்சல். கூடவே சில பொய்கள். கணக்கை எழுதிய பிறகுதான் இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது எது, உறுத்தியது எது என்று பிரிந்து தெரிந்தது.

கதை பலருக்கும் தெரியும். புனேயில் வசிக்கும் சசி கோட்போலே வீட்டிலிருந்தே லட்டு செய்து விற்கிறாள். ஜாஸ் என்ற சொல்லை அவள் உச்சரிக்கும் விதத்தைப் பார்த்து கணவனும் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போக மகளுக்கு வெட்கம். சகோதரி மகளின் கல்யாணத்துக்காக நியூயார்க் போகிறாள், ஒரு காபிக் கடையில் அவமானப்படுகிறாள், நான்கு வாரத்தில் ஆங்கிலம் என்ற விளம்பரத்தைப் பார்த்து யாருக்கும் சொல்லாமல் வகுப்பில் சேர்கிறாள்.

அந்த வகுப்புக் காட்சிகள்தான் படத்தின் உயிர். டாக்சி ஓட்டும் பாகிஸ்தானியர், பிள்ளை வளர்க்கும் வேலைக்கு வந்த மெக்சிகோ பெண், முடிதிருத்தும் சீனப் பெண், பிரெஞ்சு சமையல்காரர், நம்மூர் ராமமூர்த்தி. எல்லோரும் தப்பாகப் பேசுகிறார்கள். அமெரிக்காவின் பெயருக்கு முன்னால் ‘தி’ வருகிறதே, இந்தியாவுக்கு முன்னால் ஏன் வருவதில்லை என்று சசி அங்கே ஒரு கேள்வி கேட்கிறாள். எவ்வளவு நல்ல கேள்வி! இலக்கணத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி முதல்முறையாக அதன் சட்டையைப் பிடித்துக் கேட்கிறாள். இதே கேள்வியை அவள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டிருந்தால் மகள் கண்ணை உருட்டியிருப்பாள். வகுப்பில் இருப்பவர்களுக்கு அவள் யாருடைய அம்மா, யாருடைய மனைவி என்று தெரியாது. அதனால் அவளுடைய தப்பு அவளோடு நின்றுவிடுகிறது. குடும்பத்தின் மானத்தில் போய் ஒட்டுவதில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கு அப்படியொரு இடம் கிடைக்கவில்லை. விருதுநகரில் தமிழ்வழியில் படித்தேன். பாடத்தில் ஆங்கிலம் இருந்தது, தேர்வில் மதிப்பெண்ணும் வந்தது, வாயில்தான் வரவில்லை. 2009-இல் 27 வயதில், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, முப்பது நாளில் ஆங்கிலம் பேசலாம் என்ற ஒரு புத்தகத்தை வாங்கினேன். முப்பது நாளில் ஏழாம் பக்கம் வரைதான் போக முடிந்தது, அது வேறு கதை. வாசிப்பதில் சிக்கல் இல்லை. அதைச் சத்தமில்லாமல் செய்யலாம். பேச்சு அப்படியல்ல. நாக்கு பழக வேண்டும், காது கேட்க வேண்டும், யாராவது பதில் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வீட்டு அக்கா இரண்டு நாள் கேட்டுவிட்டு, “என்னம்மா, பீட்டர் விட ஆரம்பிச்சிட்ட?” என்றார். என் தம்பியும் அப்போது ஆங்கிலம் பழகிக்கொண்டுதான் இருந்தான், டீக்கடையில், நண்பர்களோடு, கத்திக்கத்தி. அவனுக்குப் பெயர் முயற்சி. எனக்குப் பெயர் திமிர்.

கடைசியில் நான் கண்டுபிடித்த வகுப்பறை, செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண். தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 2. இரவு எல்லோரும் படுத்த பிறகு 2-ஐ அழுத்துவேன். இல்லாத குறைகளைச் சொல்வேன், வாங்கப் போகாத திட்டங்களை விசாரிப்பேன். எதிர்முனையில் இருந்தவர்களுக்கு என் ஊரும் தெரியாது, சாதியும் தெரியாது. தப்பாகப் பேசினாலும் ‘மேடம்’ என்றார்கள். அவர்களுடைய வேலைநேரத்தைத் திருடினேன் என்பது இப்போது உறுத்துகிறது. அப்போது அது மட்டுமே என் நியூயார்க்.

ஆகவே படம் நான்கு வாரத்தில் சசியைப் பேச வைப்பதைக்கூட மன்னித்துவிடுவேன், சினிமாவுக்கு அவசரம் உண்டு. மன்னிக்க முடியாதது வேறு. லட்டு செய்து விற்பவளுக்கு ஆசிரியர் ஒரு பெயர் சொல்கிறார்: ஆந்த்ரப்ரனர். தொழில்முனைவர். அந்தச் சொல்லை அவள் தெருவில் நடந்தபடியே சொல்லிச் சொல்லிப் பார்க்கும் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். தன் உழைப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று ஒருத்திக்குத் தெரியவரும் தருணம் அது. அதன்பின் அந்தச் சொல்லைப் படம் என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. சசியின் வியாபாரம் வளருமா, வங்கியில் கடன் கேட்பாளா என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. மகனுக்கு அடிபட்டபோது அவள் வகுப்பில் இருந்தாள் என்பதே பெரிய குற்றமாகிறது. தேர்வன்று லட்டு கொட்டிப்போக, தேர்வை விட்டுவிட்டு மறுபடி லட்டு பிடிக்க உட்காருகிறாள். தன் மனைவி லட்டு செய்யவே பிறந்தவள் என்று கணவன் வேடிக்கையாகச் சொன்னதைப் படம் கண்டிக்கிறது. ஆனால் அதே படம்தான் அவளை அடுப்படிக்குத் திருப்பி அனுப்புகிறது.

பிறகு கல்யாண வீட்டில் அந்தப் பேச்சு. தன் முதல் நீண்ட ஆங்கிலப் பேச்சில் சசி சொல்வது திருமணத்தைப் பற்றி: கணவனும் மனைவியும் சமம், குடும்பம் ஒருவரை மட்டம் தட்டக் கூடாது. ஸ்ரீதேவி அதைத் தயங்கித் தயங்கிப் பேசும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தத் தயக்கத்தில் நடிப்பு எவ்வளவு, நினைவு எவ்வளவு என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்தவர், இந்திப் படங்களுக்குப் போனபோது பல படங்களில் வேறு பெண்கள் அவருக்குக் குரல் கொடுத்தார்கள். 1986-இல் ‘ஆக்ரி ராஸ்தா’வில் அவருக்காகப் பேசியது ரேகா. 1989-இல் ‘சாந்தினி’யில்தான் தன் சொந்தக் குரலில் இந்தி பேசினார். வாய் ஒருத்தியுடையது, சொல் இன்னொருத்தியுடையது என்ற நிலையில் வருடங்களைக் கழித்த நடிகை அவர்.

என் எரிச்சல், கேட்க உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. சிரித்த கணவன், வெட்கப்பட்ட மகள், அவர்கள் முன்னால்தான் அவள் தேர்வெழுத வேண்டியிருக்கிறது. ஆசிரியரும் அங்கேயே வந்து அவள் தேறிவிட்டதாக அறிவிக்கிறார். யாரும் அறியாத இடத்தில் தனக்காக ஒருத்தி சேர்த்த மொழி, குடும்பத்தின் மரியாதையைத் திரும்ப வாங்கும் காசாக முடிகிறது.

அதே புனேயில் இன்னொரு பெண் ஆங்கிலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சாவித்ரிபாய் புலே திருமணமான பிறகு எழுத்துக் கற்றவர். 1848-இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி, பாடம் சொல்லப் போகும் வழியில் சாணியடி பட்டவர். 1854-இல் வெளியான ‘காவ்ய புலே’ தொகுப்பில் ஆங்கிலத்தைத் தாய் என்றே அழைத்து, சூத்திரர்களையும் அதிசூத்திரர்களையும் அதைக் கற்கச் சொல்கிறார். குடும்பத்துக்குள் மரியாதை கிடைக்க வேண்டும் என்பதல்ல அங்கே பேச்சு. தலைமுறை தலைமுறையாகப் படிப்பை மறுத்தவர்களின் பிடியிலிருந்து வெளியேறும் வழி அது. கோட்போலே என்பது சித்பாவன பிராமணக் குடும்பப் பெயர். மராத்தியில் இனிமையாகப் பேசுபவர் என்று பொருள். சசிக்கு ஆங்கிலம் வராததால் வீட்டில்தான் சங்கடம். பள்ளிக்கூட வாசலிலோ வேலைக்கான நேர்காணலிலோ அவள் வீட்டார் யாரும் தடுக்கப்படவில்லை. வகுப்பில் அவளோடு இருந்த மெக்சிகோ பெண்ணுக்கு ஆங்கிலம் கூலி சம்பந்தப்பட்டது. அவளை நாம் சிரிப்பதற்காக மட்டுமே பார்க்கிறோம்.

கடைசிக் காட்சியில் விமானத்தில் சசி ஆங்கிலத்தில் பேசி ஓர் இந்திச் செய்தித்தாள் கேட்கிறாள். திரையரங்கில் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஆங்கிலம் வந்துவிட்டது, இனி வேண்டாம் என்று வைத்துவிடும் நிதானம் அழகாகத்தான் இருக்கிறது. அந்த நிதானம் எனக்கு இன்னும் வரவில்லை. எனக்கு ஆங்கிலம்தான் கடைக் கணக்கிலிருந்து கல்லூரி நூலக வேலைக்கு வழி விட்டது. இன்றைக்கும் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசுமுன் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை கட்டிப் பார்க்கிறேன்.

அந்த வாடிக்கையாளர் சேவைக்குப் பேசிய இரவுகளில் ஒருநாள், எதிர்முனையில் இருந்த பையன் நான் திணறுவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், தமிழ்லயே பேசலாமே, நானும் தமிழ்தான்” என்றான். மிக அன்பாகத்தான் சொன்னான். வேண்டாம், இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள், நான் முடித்துவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சரி என்று காத்திருந்தான்.