62 என்ற எண்: ஒரு பழைய ஃபார்முலாவுக்குக் கோட் ரிவ்யூ

போன மாதம் செஞ்சிக்குப் போயிருந்தபோது அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அப்பாவுக்கு 71 வயது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைடு 310, வி.எல்.டி.எல். 62, எல்.டி.எல். 92. எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். எல்.டி.எல்.லுக்குப் பக்கத்தில் '100-க்குக் கீழ் இருந்தால் நல்லது' என்று அச்சடித்திருந்தது.

"கெட்ட கொழுப்பு நூறுக்குள்ளதானே இருக்கு, அந்த ராத்திரி மாத்திரையை நிறுத்திடலாமாடா?" என்று அப்பா கேட்டார்.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்த 62 கண்ணில் பட்டது. 310-ஐ 5-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 62. பீரோவில் இருந்த பழைய ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் வி.எல்.டி.எல். அச்சு அசலாக ஐந்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் அது அளந்த எண் அல்ல, வகுத்த எண். எல்.டி.எல். 92-ம் அப்படித்தான்: 190-லிருந்து 36-ஐயும் 62-ஐயும் கழித்தது. ஆனால் ரிப்போர்ட்டில் 'கணக்கிடப்பட்டது' என்று ஒரு வார்த்தை கிடையாது.

இந்தக் கழித்தலின் மூலம் 1972-ல் 'கிளினிக்கல் கெமிஸ்ட்ரி' இதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் ஃப்ரீடுவால்ட், லெவி, ஃப்ரெட்ரிக்சன். அதற்கு முன் எல்.டி.எல்.லைத் துல்லியமாக அறிய அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் வேண்டும். பிளாஸ்மாவை அசுர வேகத்தில் மணிக்கணக்காகச் சுழற்றினால், எடை குறைந்த வி.எல்.டி.எல். பாலாடை மாதிரி மேலே மிதக்கும். அதை எடுத்துவிட்டுக் கீழே இருப்பதை அளக்க வேண்டும். விலை உயர்ந்த இயந்திரம், மெதுவான வேலை. "வி.எல்.டி.எல்.லில் உள்ள கொலஸ்ட்ரால் ஏறக்குறைய ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒன்று, அதைக் கழித்துவிட்டால் இயந்திரமே வேண்டாம்" என்பதுதான் அந்த மூவரின் யோசனை. நல்ல யோசனை. இன்று செஞ்சி மாதிரி ஊரில் கொலஸ்ட்ரால் பார்க்க முடிகிறதென்றால் இந்தக் கட்டுரைக்கும் அதில் பங்குண்டு.

என் விமர்சனம் அந்த 5-ஐப் பற்றி. எங்கள் தொழிலில் இதை ஹார்ட்கோடு செய்த எண் என்போம். எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் மூட்டைக் கணக்கு. கமிட்டிக்கு வரும் நெல்லை எடை போடாமல், மூட்டைக்கு 75 கிலோ என்று வைத்துப் பெருக்கினால் பெரும்பாலும் ஒத்துவரும். ஈர நெல் வந்த அன்று உதைக்கும். ட்ரைகிளிசரைடு ஏறும்போது வி.எல்.டி.எல். துகளில் கொலஸ்ட்ராலை விட ட்ரைகிளிசரைடின் பங்கு கூடுகிறது. விகிதம் 5-ஐத் தாண்டிவிடுகிறது. அப்போதும் 5-ஆல் வகுத்தால் வி.எல்.டி.எல். கூடுதலாகவும், மிச்சமாக வரும் எல்.டி.எல். குறைவாகவும் தெரியும்.

மூலக் கட்டுரை இதை மறைக்கவில்லை. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு கூடாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் 399 வரை சரி, 401-ல் தப்பு என்று உடம்பு வேலை செய்யாது. இன்னொன்று, கட்டுரை தன் பலமாகக் காட்டுவது 0.94 முதல் 0.99 வரையிலான ஒட்டுறவுக் கெழு. இரண்டு எண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதற்குத்தான் அது சாட்சி. இரண்டும் ஒன்றே என்பதற்கு இல்லை. 448 பேரின் கூட்டத்துக்குப் பொருந்தியது எங்கப்பாவுக்கும் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை.

நம்மூருக்கு இது ஏன் முக்கியம்? தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு பகுதிகளில் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் 2014 அறிக்கைப்படி, எல்.டி.எல். கூடியவர்கள் 11.8 சதவீதம். ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5. எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3. அதாவது ஃபார்முலா எங்கே தடுமாறுமோ, அந்தத் திசையில்தான் நம் ஆட்களின் ரத்தம் சாய்ந்திருக்கிறது.

மாற்று இல்லாமல் இல்லை. 2013-ல் மார்ட்டின் குழு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட லிப்பிட் பதிவுகளை வைத்து, ஆளுக்கேற்ப மாறும் வகு எண்களை அட்டவணையாகக் கொடுத்தது. 2020-ல் சாம்சன் குழு ஒரு புதிய சமன்பாடு தந்தது. அதில் அப்பாவின் எண்களைப் போட்டேன். 101 வந்தது. 92 இல்லை. நூறு என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தவர் அந்தப் பக்கம் போய்விட்டார். ரத்தம் என்னவோ அதே ரத்தம்தான்.

'டைரக்ட் எல்.டி.எல்.' எடுத்தால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. 2010-ல் ஏழு கம்பெனி முறைகளை அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜோடு ஒப்பிட்டபோது, நோயில்லாதவர்களிடம் பெரும்பாலும் ஒத்துப்போன முறைகள் நோயாளிகளிடம் பிசகின. 'டைரக்ட்' என்ற பெயரை மட்டும் நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

காசே செலவில்லாத எண் ஒன்று அதே ரிப்போர்ட்டில் இருக்கிறது. மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்தால் வருவது: 190 − 36 = 154. நான்-எச்.டி.எல். இரண்டுமே அளந்த எண்கள், நடுவில் 5 என்ற ஊகம் இல்லை. இந்திய லிப்பிட் சங்கமும் இதை எல்.டி.எல்.லோடு சேர்த்து முக்கிய இலக்காக வைக்கிறது. இதற்கு வழக்கமான இலக்கு எல்.டி.எல். இலக்கோடு 30 கூட்டியது. 100 என்று வைத்தால் 130. அப்பா 154.

ஆய்வகங்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. எல்.டி.எல். எந்த முறையில் வந்தது என்று ஒரு வரி, நான்-எச்.டி.எல். என்று இன்னொரு வரி. மென்பொருளில் அரை நாள் வேலை.

அப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அந்த 92 அளந்தது இல்லப்பா, போட்ட கணக்கு. அதுவும் மாத்திரை சாப்பிட்டுதான் வந்திருக்கு" என்றேன். மறுநாள் டாக்டரிடம் ரிப்போர்ட்டோடு 154-ஐயும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோனோம். மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். அப்போது வரும் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்க்கப்போவது வி.எல்.டி.எல். வரியைத்தான்.