4-4-2 என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?

2001-இல் வந்த 'மைக் பாசெட்: இங்கிலாந்து மேனேஜர்' என்ற கால்பந்து நகைச்சுவைப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டு காட்சிகள் மறக்காது. ஒன்றில், மேனேஜர் சிகரெட் பெட்டியின் பின்புறம் அணிப் பட்டியலை எழுதுகிறார். பெட்டியில் அச்சிட்டிருந்த பென்சன், ஹெட்ஜஸ் என்ற பெயர்களும் பட்டியலில் சேர்ந்துவிட, அந்தப் பெயர்கொண்ட இரண்டு சாதாரண ஆட்டக்காரர்களுக்குத் தேசிய அணி அழைப்பு போகிறது. இன்னொன்றில், செய்தியாளர்கள் முன் கிப்ளிங் கவிதையை ஒப்பித்துவிட்டு, நடுவில் ஒரு கெட்ட வார்த்தையைச் செருகி, தன் அணி 4-4-2 தான் ஆடும் என்று முழங்குகிறார்: தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் இருவர்.

முதல் காட்சிக்கு வயிறு குலுங்கச் சிரிக்கலாம். இரண்டாவதுக்குச் சிரிப்பவர்கள் ஆட்டத்தைத் தப்பாகப் படிக்கிறார்கள்.

தேசிய அணி மேனேஜருக்குச் சர்வதேச இடைவேளையில் வீரர்கள் கிடைப்பதே பத்து நாள் போலத்தான். பயணமும் ஆட்டங்களும் போக, பயிற்சிக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. ஆளுக்கொரு கிளப்பில் ஆளுக்கொரு பாணியில் ஊறியவர்களுக்கு அதற்குள் புதுப்பாடம் நடத்த முடியாது. எல்லோருக்கும் தெரிந்த அமைப்பைக் கையில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

நடுக்களத்தில் எதிரணி மூவரை நிறுத்தினால் நம் இருவர் திணறுவார்களே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் ஒரு முன்கள வீரர் கீழே இறங்கி, எதிரணியின் தடுப்பு நடுக்கள வீரருக்குப் பந்து போகும் வழியை அடைக்கிறார். பந்து இல்லாத பக்கத்து விங்கர் உள்ளே ஒதுங்கி வருகிறார். தொலைக்காட்சித் திரையில் 4-3-3 என்று காட்டப்படும் அணிகளில் பலவும் பந்தை இழந்த மறுகணமே நான்கு நான்கு பேராக இரண்டு வரிசை கட்டுகின்றன. கேலி செய்பவர்களின் கண்ணில் இது மட்டும் படுவதில்லை.

நிஜத்தில் நடந்தது படத்தைவிட வேடிக்கை. தொழில்முறையில் ஆடியே இராத, செருப்பு விற்ற ஒருவர் இத்தாலியக் கிளப் ஒன்றின் மேனேஜரானார். பதினோரு பேரையும் களத்தில் நிறுத்தி, பந்தே இல்லாமல் ஆடவைத்தார். பந்து இப்போது எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, மொத்த அணியும் ஒன்றாக நகர வேண்டும். சினிமாவில் வந்தால் அரங்கமே சிரித்திருக்கும். அதே 4-4-2 அணி 1989-இலும் 1990-இலும் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 என்று ஒதுக்கிய அணி 2016-இல் இங்கிலாந்தின் பட்டத்தை வென்றதும் இதே அமைப்பில்தான்.

ஆனாலும் 'பழைய பஞ்சாங்கம்' என்ற பட்டம் இந்த மேனேஜர்களுக்குத்தான். அநியாயம்!

இனி காற்று திரும்பும். உலகக் கோப்பை 48 அணிகளாக விரிந்துவிட்டது. தயாராக நேரமில்லாத சிறிய நாடுகள் இரட்டை வரிசையைத்தான் நம்பி வரும், பெரிய அணிகளை மூச்சுத் திணறவும் வைக்கும். காணாமல் போன இரட்டை முன்கள ஜோடி சில பருவங்களில் பெரிய லீக்குகளுக்குத் திரும்பும். அடுத்த கால்பந்து நகைச்சுவைப் படத்தின் நாயகன், இடைவேளைப் பதினைந்து நிமிடமும் டேப்லெட்டில் அம்புக்குறி வரைந்துகொண்டிருக்கும் மேனேஜராக இருப்பார்.